துப்பாக்கியும் சோப்பு விளம்பரமும்

துப்பாக்கியைப் பற்றி எழுதுகிறவர்களுக்காகப் பரிந்து பேசி ஒரு பதிவு எழுதுவேன் என்று நானே நினைத்ததில்லை. தலைப்பைப் பார்த்ததும் "இவருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கப்போகும் நண்பர்கள் முழுவதும் படித்துவிட்டுத் திட்டவும்.

எனக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவு மிகச் சிறியது. கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தேன். கேம்ப்பில் .22 ரைஃபிளில் ஆளுக்கு ஐந்து தோட்டா கொடுத்துச் சுடச் சொன்னார்கள். என் போர்டில் ஒரு ஓட்டைகூட இல்லை. பக்கத்துப் பையன் போர்டில் ஏழு ஓட்டை இருந்தது. ஹவில்தார் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அதன் பிறகு துப்பாக்கியைத் தொட்டதில்லை, தொடும் ஆசையும் இல்லை.

ஆனால் விளம்பரத்துக்கும் எனக்கும் உள்ள உறவு பெரியது. ஒரு தமிழ் நாளிதழின் விளம்பரப் பிரிவில் 34 வருடம் வேலை பார்த்தேன். 1977-ல் வரி விளம்பரக் கவுன்டரில் சேர்ந்து, 2011-ல் ஓய்வு பெற்றேன். எந்த விளம்பரத்தை வாங்கலாம், எதைத் திருப்பி அனுப்ப வேண்டும், எவன் பணம் கொடுத்தால் பத்திரிகை எந்தப் பக்கம் சாயும் என்பதெல்லாம் எனக்கு ஓரளவு தெரியும். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

மகள் வீடு அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தில் கொலம்பஸ் பக்கம். போன முறை போயிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியவர் பழக்கமானார். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். லேத், மில்லிங் என்று இயந்திரப் பட்டறையில் வாழ்நாள் முழுக்க உழைத்து ஓய்வு பெற்றவர். மாலையில் இருவரும் நடக்கப் போவோம். பத்திரிகையில் வேலை பார்த்தேன் என்று சொன்னதும் "அப்படியானால் விளம்பரம் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்குமே" என்று பிடித்துக்கொண்டார். அவரும் ஒரு வலைப்பதிவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. 2009-லிருந்து எழுதுகிறார். பழைய ராணுவ ரைஃபிள்கள்தான் அவர் எழுதும் விஷயம்.

மகளுக்கு இது பிடிக்கவில்லை. "அப்பா, அவர் வீட்டு கராஜுக்குள்ள எல்லாம் போகாதீங்க" என்றாள். மாப்பிள்ளைதான் "மாமா போய்ட்டு வரட்டும், அவர் நல்ல மனுஷர்" என்று சிபாரிசு செய்தார். போனேன். பெரிய இரும்பு அலமாரியைத் திறந்து ஒரு பழைய .303 ரைஃபிளை எடுத்துக் காட்டினார். அதன் உலோகத்தில் ஒரு முத்திரை. உற்றுப் பார்த்தால் இஷாப்பூர்! வங்காளத்தில் இருக்கிறதே, அந்த இஷாப்பூர் தொழிற்சாலை. எங்கள் என்.சி.சி. ஸ்டோர் ரூமில் வரிசையாகச் சாத்தி வைத்திருந்த ரைஃபிள்களிலும் இதே பெயரைப் பார்த்திருக்கிறேன். அது கடல் கடந்து ஒஹையோவில் ஒரு கிழவரின் அலமாரியில் இருக்கிறது. எந்த வருடம் செய்தது, எந்த மரம், பின்னால் 1962 யுத்தத்துக்குப் பிறகு இதே வடிவத்தை 7.62 தோட்டாவுக்கு எப்படி மாற்றினார்கள் என்று ஒரு மணி நேரம் சொன்னார். நம் ஊர்ச் சமாச்சாரத்தை அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார் என்பதுதான் வேடிக்கை.

அவர் பதிவுகளை அன்றிரவே படித்தேன். சுடுவதைப் பற்றிய வீராப்பு ஒன்றும் கிடையாது. நம் ஊரில் பழைய நாணயம் சேர்ப்பவர்கள் எழுதுவார்களே, அந்த மாதிரி. அதில் ஒரு பதிவைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான் வருகிறது.

அமெரிக்க ராணுவம் 1903-ல் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ரைஃபிளை ஏற்றுக்கொண்டது. முதல் உலக யுத்தத்தில் அவர்கள் சுமந்துபோன ரைஃபிள்களில் அது ஒன்று. 1918-ன் ஆரம்பம் வரை செய்தவற்றில் ஒரு கோளாறு. தோட்டா வெடிக்கும் இடத்தைத் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கூட்டை ரிசீவர் என்கிறார்கள். அதை உலையில் காய்ச்சும்போது, சூடு போதுமா என்று தொழிலாளிகள் இரும்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். நம் ஊரில் பாகு பதம் பார்ப்பது போல. வெயில் அடிக்கும் நாளில் சிவந்த இரும்பு மங்கலாகத் தெரியும். சூடு போதவில்லை என்று இன்னும் காய்ச்சினார்கள். அளவுக்கு மீறிக் காய்ந்த எஃகு கண்ணாடி போல் நொறுங்கும் தன்மையைப் பெற்றுவிட்டது. 1917-ல் சில ரைஃபிள்கள் சுடுபவரின் முகத்துக்கு நேராகவே வெடித்தன. ஸ்பிரிங்ஃபீல்டு தொழிற்சாலையில் செய்தவற்றில் 800000-க்குக் குறைந்த எண்ணும், ராக் ஐலண்டில் செய்தவற்றில் 285507-க்குக் குறைந்த எண்ணும் உள்ளவற்றைச் சுடக்கூடாது என்பது அங்கே விஷயம் தெரிந்தவர்கள் சொல்லும் எச்சரிக்கை. பார்வைக்கு எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். தாத்தா வைத்துவிட்டுப் போனதைப் பேரன் எடுத்துச் சுட்டுப் பார்த்தால் கண் போகலாம், உயிரும் போகலாம்.

பெரியவர் இதைப் படங்களோடு, எண் எங்கே பொறித்திருக்கிறது, எப்படிப் பார்ப்பது என்று விளக்கமாக எழுதியிருந்தார். அவருடைய பதிவுகளிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். அதற்குத்தான் முதலில் விளம்பரம் நின்றது.

இணையத்தில் பதிவர்களுக்கு விளம்பரம் வாங்கித் தரும் நிறுவனங்கள் பல உண்டு. அவருடையது எது என்பது இங்கே வேண்டாம். ஒரு நாள் அந்தப் பக்கத்தில் "கட்டுப்படுத்தப்பட்டது" என்று குறிப்பு வந்தது. மறு பரிசீலனை கேட்டார். மறுபடியும் அதே வாக்கியம் வந்தது. எந்த வரி தவறு, எதை எடுத்தால் சரியாகும் என்று சொல்ல ஆள் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக மற்றப் பதிவுகளுக்கும் அதே கதி. மாதம் 350, 400 டாலர் வந்துகொண்டிருந்தது 40 டாலருக்கு இறங்கிவிட்டது. அவருடைய மனைவிக்கு மூட்டு வலி, மாத்திரைச் செலவு. அந்தப் பணம் அதற்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

இது அவர் ஒருவருடைய கதை மட்டும் இல்லை. பல வருடமாக நடந்துவருவது. இ-பே 1999-லேயே துப்பாக்கி விற்பனையை நிறுத்திவிட்டது. ஃபேஸ்புக் 2016 ஜனவரியில் தனியார் தங்களுக்குள் துப்பாக்கி விற்பதைத் தடை செய்தது. 2017-ல் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை, தீவிரவாதிகளின் வீடியோக்களுக்குப் பக்கத்தில் பெரிய கம்பெனி விளம்பரங்கள் வருவதை வெளியிட்டதும், ஏ.டி.அண்ட்.டி., வெரைசான் போன்றவை யூடியூபில் விளம்பரத்தை நிறுத்தின. பயந்துபோன யூடியூப் வடிகட்டியை இறுக்கியது. துப்பாக்கிக்காரர்கள் மட்டுமல்ல, சமையல் தவிர மற்ற எல்லாரும் அடிபட்டார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். 2018 பிப்ரவரியில் ஃபுளோரிடாவில் பார்க்லாண்ட் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதமே யூடியூப், துப்பாக்கி விற்கும் வீடியோக்களையும், விற்கும் தளத்துக்கு இணைப்புக் கொடுப்பதையும், துப்பாக்கி செய்யும் முறையைக் காட்டுவதையும் தடை செய்தது. அதை எதிர்த்து ஒரு சேனல்காரர்கள் தங்கள் வீடியோக்களை ஆபாசப் படத் தளம் ஒன்றில் ஏற்றப்போவதாக அறிவித்தார்கள்! 2019 டிசம்பரில் இன்ஸ்டகிராம், காசு வாங்கிக்கொண்டு ஆயுதம், புகையிலை, வேப்பிங் பற்றிப் பதிவு போடக்கூடாது என்றது. கூகுளும் தன் விளம்பரத்தை வைத்திருக்கும் தளங்களில் துப்பாக்கி விற்பனையை ஊக்குவிக்கும் பக்கங்களைத் தனிப் பட்டியலில் வைத்திருக்கிறது. அவற்றுக்குக் குறைந்த விளம்பரம், அல்லது ஒன்றுமே இல்லை.

இதில் முதல் கேள்வி: விளம்பரம் வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டா?

உண்டு. சந்தேகமே இல்லை. நான் அந்த வேலையைத்தான் செய்தேன். என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் 1954-ம் வருடச் சட்டத்தின் அட்டவணை எப்போதும் இருக்கும். மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் அது. சர்க்கரை வியாதியைக் குணப்படுத்துகிறேன், குள்ளமானவரை உயரமாக்குகிறேன் என்று லேகியக்காரர்கள் வருவார்கள். அட்டவணையைக் காட்டித் திருப்பி அனுப்புவேன். சட்டம் தடுக்காதவற்றையும் நாங்கள் மறுத்ததுண்டு. பத்திரிகை முதலாளிக்கு மதுக்கடை விளம்பரம் பிடிக்காது, வாங்க மாட்டோம். அமெரிக்காவில் 'நியூயார்க் டைம்ஸ்' சட்டம் ஒன்றும் சொல்லாதபோதே 1999-ல் சிகரெட் விளம்பரத்தை நிறுத்தியது. அது அவரவர் கடை.

"எங்கள் நாட்டில் பேச்சுரிமை இருக்கிறதே" என்று பெரியவரின் நண்பர்கள் சிலர் வாதாடினார்கள். அவர்கள் அரசியல் சட்டம் தடுப்பது அரசாங்கம் வாயை அடைப்பதை. தனியார் கம்பெனியை அது கட்டுப்படுத்தாது. 2020 பிப்ரவரியில் பிரேகர் யுனிவர்சிட்டி என்ற அமைப்பு யூடியூப் மீது போட்ட வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. எனக்கும் அது சரியாகவே படுகிறது. சோப்பு விற்கிறவன் தன் சோப்பு துப்பாக்கிப் படத்துக்குப் பக்கத்தில் வேண்டாம் என்றால், அவனைக் கட்டாயப்படுத்த முடியுமா?

துப்பாக்கிச் சாவு சின்ன விஷயமும் இல்லை. 2021-ல் மட்டும் அந்த நாட்டில் 48830 பேர் துப்பாக்கியால் இறந்தார்கள். பாதிக்கு மேல் தற்கொலைகள். என் பேத்தி படிக்கும் பள்ளியில், துப்பாக்கிக்காரன் வந்தால் எப்படிக் கதவைச் சாத்தி மேஜைக்கு அடியில் ஒளிவது என்று ஒத்திகை நடக்கிறது. அவள் அதை ரைம்ஸ் சொல்வது போல் எனக்குச் சொன்னாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆகவே விளம்பரக் கம்பெனிகள் இந்த வியாபாரத்தை விட்டு விலகி நிற்பதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

பிறகு என்னதான் பிரச்சினை என்கிறீர்களா? சொல்கிறேன்.

விளம்பரம் நின்ற சில மாதங்களில் பெரியவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. பழைய ரைஃபிள்களையும் தோட்டாக்களையும் தபாலிலும் இணையத்திலும் விற்கும் ஒரு வியாபாரி. "உங்கள் பக்கத்தை நாங்கள் ஸ்பான்சர் செய்கிறோம், மாதம் 600 டாலர்" என்றார். முன்பு வந்ததைவிட அதிகம். பெரியவருக்குச் சந்தோஷம். இரண்டு கடிதம் போனதும் இன்னொரு வரி வந்தது. அந்த ஸ்பிரிங்ஃபீல்டு பதிவைக் கொஞ்சம் மிதப்படுத்த முடியுமா? "சுடவே கூடாது" என்பதற்குப் பதிலாக "இது பற்றி வெவ்வேறு கருத்துகள் உள்ளன" என்று போட முடியுமா? காரணம் கேட்கவே வேண்டாம். அவருடைய கிடங்கில் குறைந்த எண் ரைஃபிள்கள் இருந்தன.

இதைத்தான் நடைப்பயிற்சியில் என்னிடம் கேட்டார். "நீங்கள் பத்திரிகைக்காரர். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. காரணம், நான் என்ன செய்தேன் என்பது எனக்குத் தெரியும்.

1986, தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு. தெற்கே ஓர் ஊரில் எங்கள் பதிப்பு. அந்தப் பதிப்புக்கு வரும் விளம்பரப் பணத்தில் பெரும்பகுதி ஒரே ஒரு ஜவுளிக்கடையிலிருந்து வந்தது. சின்னச் சின்ன விளம்பரங்கள் கொஞ்சம் உண்டு என்றாலும் அந்தக் கடை நிறுத்தினால் பதிப்பையே மூட வேண்டும் என்ற நிலை. அந்தக் கடையில் சரக்கு ஏற்றும் லிஃப்ட் அறுந்து விழுந்து, வேலை செய்த பையன் ஒருவன் இறந்துபோனான். பத்தொன்பது வயது. நிருபர் கடை பெயரோடு செய்தி கொடுத்திருந்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் மேலாளருக்குப் போன் வந்தது. மேலாளர் ஒரு துண்டுச் சீட்டில் ஏதோ எழுதி மடித்து, "செய்தி ஆசிரியர் கையில கொடுத்துட்டு வாப்பா" என்று என்னிடம் கொடுத்தார். மாடிப்படியில் நின்று பிரித்துப் பார்த்தேன். பார்த்த பிறகும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மறுநாள் ஏழாம் பக்கத்தில் நான்கு வரி. "தனியார் நிறுவனத்தில் விபத்து: வாலிபர் சாவு." மூன்றாம் பக்கம் முழுக்கப் பட்டுப்புடவை.

இரண்டு நாள் கழித்துப் பையனின் அப்பா அந்தப் பேப்பரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். கவுன்டரில் நான் இருந்தேன். "கடை பேரைப் போட்டிருந்தா நாலு பேரு கேப்பாங்கன்னு நெனச்சேன் சார். அச்சுல விட்டுப்போச்சுங்களா?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அச்சுப்பிழை என்றே நம்பியிருந்தார். நான் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். வேறு ஒன்றும் கொடுக்கவில்லை, சொல்லவும் இல்லை.

இதை நான் வீட்டில்கூடச் சொன்னதில்லை. ஒஹையோவில் ஒரு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, விளம்பர ஒப்பந்தம் எழுதிப் பழகிய என் ஆங்கிலத்தில், முன்பின் தெரியாத ஊர்க்காரரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஒரு பத்திரிகைக்கு ஐம்பது விளம்பரதாரர் இருந்தால் அதன் முதுகு நேராக இருக்கும். ஒருவன் கோபித்துக்கொண்டு போனால் போகட்டும் என்று சொல்ல முடியும். ஒரே ஒருவன் என்றால் அவன் போனை எடுக்காமல் இருக்க முடியாது. இணையத்தில் பதிவருக்குக் கிடைத்த அந்தப் பொது விளம்பரத்தின் பெரிய நன்மையே இதுதான். சோப்பு, இன்சூரன்ஸ், கார் டயர் என்று யார் யாரோ கொடுக்கிறார்கள். அவர்களுக்கு 1903 ரைஃபிளைப் பற்றி ஓர் அபிப்பிராயமும் கிடையாது. அதனால் எழுதுகிறவர் உள்ளதை உள்ளபடி எழுதலாம். அந்தக் காசை நிறுத்தினால் துப்பாக்கி எழுத்து நின்றுவிடுமா? நிற்காது. காசு கொடுக்கும் ஆள் மட்டும் மாறுகிறார். துப்பாக்கியைப் பற்றி எழுதும் பக்கத்துக்குக் காசு கொடுக்க மிச்சமிருப்பவர் துப்பாக்கி விற்பவர் மட்டுமே.

அதாவது, துப்பாக்கி வியாபாரத்தோடு சம்பந்தம் வேண்டாம் என்று போட்ட விதி, துப்பாக்கியைப் பற்றி நடுநிலையாக எழுதிய கிழவரைக் கொண்டுபோய் துப்பாக்கி வியாபாரியின் கையில் விடுகிறது. விற்பவனின் ஊதுகுழலாக இருக்கும் பக்கத்துக்கு இந்த விதியால் ஒரு நஷ்டமும் இல்லை, அவனுக்கு எப்போதும் வியாபாரிதான் படியளந்தார். "இது ஆபத்து, தொடாதே" என்று எழுதியவருக்குத்தான் நஷ்டம்.

காசு வாங்கிக்கொண்டு எழுதினால் அதைச் சொல்ல வேண்டும் என்று அங்கே விதி இருக்கிறது. அவர்களுடைய வர்த்தக ஆணையம் 2009-லேயே பதிவர்களையும் அதில் சேர்த்துவிட்டது. நல்லதுதான். ஆனால் எழுதியதற்கு வாங்கிய காசைத்தான் அந்த விதி கேட்கும். எழுதாமல் விட்டதற்கு வாங்கிய காசை யார் கேட்பார்கள்? என் நான்கு வரிச் செய்தியை யாரும் கேட்கவில்லை.

இன்னொரு விஷயம், தீர்ப்புச் சொல்பவர் யார் என்பது. துப்பாக்கி வரலாற்றைப் பேசக்கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. விற்பனையும் செய்முறையும்தான் தடை. ஆனால் அதைப் பிரித்துப் பார்ப்பது பெரும்பாலும் இயந்திரம். "இந்த எண் உள்ளதைச் சுடாதே" என்பதும் "இந்த எண் உள்ளதை வாங்கு" என்பதும் அதற்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான், இரண்டிலும் ரைஃபிள் என்ற சொல் இருக்கிறதே. நம் தமிழைக் கூகுளின் விளம்பர இயந்திரம் 2018-ல்தான் ஏற்றுக்கொண்டது. இந்த வேகத்தில் போனால் ஔவையார் சுட்ட பழம் கேட்ட கதையை எழுதினாலும், பாட்டி வடை சுட்டதை எழுதினாலும் ஆயுதக் குற்றம் என்று நிறுத்திவிடும் என்று பெரியவருக்கு விளக்கினேன். தமிழில் தோசையையும் துப்பாக்கியையும் ஒரே வினைச்சொல்லால் சுடுகிறோம் என்பது அவருக்குப் பெரிய ஆச்சரியம்.

நான் லேகியக்காரரைத் திருப்பி அனுப்பும்போது அவர் எதிரே உட்கார்ந்திருப்பார். அட்டவணையைக் காட்டுவேன். "இந்த வரியை எடுத்துடுங்க, சத்து டானிக்னு மட்டும் போடுங்க, வாங்கிக்கிறேன்" என்பேன். அவர் திட்டுவார், பிறகு எடுப்பார். மறுப்பதற்கு உரிமை உள்ளவனுக்குக் காரணம் சொல்லும் கடமையும் உண்டு என்பதுதான் நான் கற்ற தொழில். பெரிய கம்பெனிகளிடம் நான் கேட்பது இவ்வளவே. எந்த வரி என்று சொல்லுங்கள். மறு பரிசீலனையை ஒரு மனிதர் படிக்கட்டும். எச்சரிக்கையையும் விற்பனையையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். இதற்குச் சட்டம் வேண்டாம், அரசாங்கம் தலையிடவும் வேண்டாம். ஒரு கவுன்டர் குமாஸ்தாவுக்குத் தெரிந்த மரியாதை போதும்.

பதிவர்களுக்கும் ஒரு வார்த்தை. விளம்பரக் காசு யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்த நிலம் இல்லை. ஒரே கிணற்றை நம்பி நாற்று நடாதீர்கள். அமெரிக்காவில் 'ஃபர்காட்டன் வெப்பன்ஸ்' என்ற பெயரில் பழைய ஆயுதங்களின் வரலாற்றைச் சொல்லும் இயன் மெக்காலம், வாசகர்கள் மாதாமாதம் தரும் சந்தாவையும் தானே போடும் புத்தகங்களையும் வைத்துச் சமாளிக்கிறார். எல்லாராலும் முடியாது, லட்சக்கணக்கில் பார்வையாளர் வேண்டும். ஆனால் வாசகனின் பத்து ரூபாய்க்குத் தனி மதிப்பு உண்டு. அவன் எதையும் மிதப்படுத்தச் சொல்ல மாட்டான்.

பெரியவர் என்ன செய்தார்? அவர் ஒரு வாரம் யோசித்தார். பிறகு ஸ்பான்சரை ஒப்புக்கொண்டார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை. மருந்துக் கடைக்கு நான் போவதில்லையே. நான் ஊருக்குத் திரும்பிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து மின்னஞ்சல் வந்தது. அவர் பக்கத்தின் மேலே, இன்னார் பணம் கொடுக்கிறார் என்று வியாபாரியின் பெயரைப் போட்டு, அதற்குக் கீழேயே "ஸ்பிரிங்ஃபீல்டு பதிவில் ஒரு சொல்கூட மாற்றப்படவில்லை" என்று எழுதி, அந்தப் பதிவுக்கு இணைப்பும் கொடுத்துவிட்டாராம். மாற்றச் சொன்னார்கள் என்பதை எழுதாமலே எழுதிவிட்டார். அடுத்த மாதம் வியாபாரி விலகிக்கொண்டார். இப்போது வாசகர்கள் நாற்பது பேர் மாதம் கொஞ்சம் கொடுக்கிறார்கள். பழைய வருமானத்தில் பாதிகூட இல்லை. "உங்கள் ஜவுளிக்கடையை நினைத்துக்கொண்டேன்" என்று கடைசியில் ஒரு வரி.

என்னால் அன்று முடியாததை அவர் எழுபத்தைந்து வயதுக்கு மேல் செய்திருக்கிறார். ஆனால் அதற்கு அவர் மனைவியின் மருந்துக் காசு செலவாகியிருக்கிறது. நேர்மையாக எழுதுவதற்கு இவ்வளவு விலை வைக்கும் விதி, எவ்வளவு நல்ல நோக்கத்தோடு போட்டதாக இருந்தாலும், திரும்ப ஒரு முறை பார்க்க வேண்டிய விதிதான்.

என் வலைப்பூவிலும் ஓரத்தில் விளம்பரம் வருகிறது, பார்த்திருப்பீர்கள். 100 டாலர் சேர்ந்தால்தான் அனுப்புவார்கள். இன்னும் சேரவில்லை. இந்தப் பதிவில் துப்பாக்கி என்ற சொல் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், இனிமேல் சேருமா என்பதும் சந்தேகம்தான். பரவாயில்லை. இதில் பிழைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை, பென்ஷன் வருகிறது. அந்த ஜவுளிக்கடைப் பையனுடைய அப்பாவுக்குச் சொல்லாமல் விட்டதை 39 வருடம் கழித்து இங்கே எழுதிவிட்டேன். அவர் இதைப் படிக்கப்போவதில்லை. இருந்தாலும் எழுத வேண்டியிருந்தது.